பிக்கப்ல ட்ரெய்லர் இழுக்க போறீங்களா? 1,35,000 போன வயித்தெரிச்சல்ல எழுதுறேன், படிச்சிட்டு போங்க

இன்னும் கோவம் அடங்கல, அதனால முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. மாதவரம் பக்கம் பழைய லோடு வண்டி வாங்கி விக்கிற ஒரு யார்டு. கேஸ் போட போறேன், அதனால பேர் இப்ப எழுதல. வண்டி விலை தனி, அது போக வெறும் "ட்ரெய்லர் இழுக்குற செட்டிங்"னு சொல்லி என்கிட்ட 1,35,000 ரூபா வாங்கினாங்க. பின்னாடி ஹூக்கு, எக்ஸ்ட்ரா ஸ்பிரிங் பட்டை, புது இரும்பு பாடி, மேல கேரியர், நாலு டயர். இந்த 1,35,000-த்துல இன்னைக்கு உருப்படியா ஒண்ணு கூட இல்ல.

எனக்கு தண்டையார்பேட்டைல சீரியல் செட்டு, சவுண்டு, ஜெனரேட்டர் வாடகை. ஆடி பொறந்தா நம்ம ஏரியா எப்படி இருக்கும்னு தெரியும்ல, காசிமேடு, கொருக்குப்பேட்டை, திருவொத்தியூர்னு எந்த தெருவுக்கு போனாலும் அம்மனுக்கு கூழ் ஊத்துவாங்க, எல்லாருக்கும் ஒரே ஞாயித்துக்கிழமை லைட்டு வேணும். ஜெனரேட்டர் ரெண்டு சக்கர ட்ரெய்லர் மேல இருக்கு, ரெண்டும் சேந்து 1,400 கிலோ. இத்தன வருஷமா அத இழுக்க வெளிய வண்டி புடிச்சிகினு இருந்தோம். சொந்தமா ஒரு பிக்கப் எடுத்தா ட்யூப்லைட்டு, கேபிள், இரும்பு போஸ்ட் எல்லாத்தையும் மேல போட்டுக்கலாம், ஜெனரேட்டரையும் பின்னாடி மாட்டிக்கலாம், அதான் பிளான். சீட்டு எடுத்த பணம்.

அந்த ஆளு பேசுன விதத்த சொல்றேன், ஏன்னா நாளைக்கு உங்ககிட்டயும் இப்படிதான் பேசுவான். யார்டு ஓனர், வயசான ஆளு. போனதும் சேர் போட்டு டீ வாங்கி குடுத்தாரு. "நீ தண்டையார்பேட்டையா, நான் பொறந்தது ராயபுரம், நம்ம ஏரியா புள்ளைய நான் ஏமாத்துவனா"ன்னாரு. நான் தெளிவா கேட்டேன், "அண்ணே, பின்னாடி 1,400 கிலோ இழுக்கணும், மேல 600 கிலோ சாமான், என்னையும் சேத்து மூணு ஆளு, தாங்குமா?" அவரே வேட்டிய மடிச்சு கட்டிகினு வண்டி அடில குனிஞ்சு சேஸிஸ தட்டி காட்டுனாரு. "தம்பி இது 1.3 டன் பாஸிங். மேல 1,300 கிலோ நீ தாராளமா ஏத்திக்கலாம். பின்னாடி இழுக்குறது அதும் சக்கரத்துல அது ஓடுது, உன் வண்டி மேல ஒரு கிலோ கூட ஏறாது, அது கணக்குலயே வராது." அப்புறம் போன எடுத்து அமெரிக்காவுல ஒரு பிக்கப் இம்மாம்பெரிய போட்ட இழுத்துகினு போற வீடியோவ காட்டுனாரு. கடைசில பில்லு பின்னாடி "2 டன் இழுக்கும், கேரண்டி"ன்னு அவர் கையாலயே எழுதி கையெழுத்தும் போட்டு குடுத்தாரு. இதுக்கு மேல ஒரு மனுஷன் இன்னா கேப்பான்? 1,35,000-த்தயும் எண்ணி குடுத்துட்டு வந்தேன்.

முதல் ஆர்டருக்கே மூலக்கடை மேம்பாலத்துல இறங்கறப்ப ஸ்டியரிங் கைல லேசாயிடுச்சு. முன் சக்கரம் ரோட்ட புடிக்கவே இல்ல. ட்ரெய்லர் இந்த பக்கமும் அந்த பக்கமும் ஆட ஆரம்பிச்சு வண்டியோட பின்பக்கத்தயே இழுக்குது, பிரேக் அழுத்துனா ஜெனரேட்டர் பின்னாலேந்து நெட்டுது. பக்கத்துல கன்டெய்னர் லாரி. உள்ள என் மச்சானும் ஒரு பையனும். எப்படியோ இறக்கி ஓரம் கட்டுனேன். மெக்கானிக் வந்து ஹூக்கு மாட்டுன எடத்துல கிரீஸ பனியன் துணியால தொடச்சுட்டு டார்ச் அடிச்சு காட்டுனாரு. சேஸிஸ்ல நேரா வெல்டு வெச்சிருக்கான், வெல்டு முடியற ஓரத்துலேந்து முடி கனத்துக்கு ஒரு விரிசல் விரல் நீளத்துக்கு ஓடியிருக்கு. விரலால தடவுனா நகம் மாட்டுது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா ட்ரெய்லர் கழண்டு யார் மேல போயிருக்கும்னு நெனச்சா இன்னும் தூக்கம் வரல.

மறுநாள் மணலி ரோட்ல ஒரு எடை மேடைல வண்டிய ஏத்துனேன். இங்கதான் மொத்த பொய்யும் வெளிய வந்துச்சு, கணக்க பொறுமையா பாருங்க. என் ஆர்சில அன்லேடன், அதாவது காலி வண்டி எடை 1,650 கிலோ, லேடன், அதாவது லோடோட சேத்து அதிகபட்சம் 2,950 கிலோ. கழிச்சா 1,300, அவன் சொன்னது அதான். ஆனா இவன் போட்ட இரும்பு பாடி, ஹூக்கு, கேரியர், பட்டை எல்லாம் சேந்து காலி வண்டியே 2,070 வருது! அப்ப மிச்சம் 880 தான். மூணு ஆளு 210 கிலோ, 670 ஆச்சு. அடுத்தது ட்ரெய்லர மாட்டி, ட்ரெய்லர் சக்கரத்த மேடைக்கு வெளிய விட்டு பிக்கப்ப மட்டும் எடை போட சொன்னேன், 200 கிலோ ஏறிச்சு. ஒரு கிலோ கூட ஏறாதுன்னான்ல, 200 கிலோ. ரெண்டு சக்கர ட்ரெய்லர்னா அதோட மொத்த எடைல 10-லேந்து 15 சதவீதம் மூக்கு வழியா ஹூக்கு மேல உக்காரும், அப்படி உக்காந்தாதான் ட்ரெய்லர் ஆடாம ஓடும், அந்த எடை வண்டியோட லோடு கணக்குலதான் சேரும். நாலு சக்கரம் வெச்சு முன்னாடி திரும்புற ட்ரெய்லர்னா இது கம்மி, நம்மளது அது இல்ல. ஆக சாமானுக்கு மிச்சம் 470 கிலோ. 1,300 ஏத்திக்கன்னு சொன்ன எடத்துல 470. என் சாமான் 600. அப்ப முதல் நாளே நான் 130 கிலோ ஓவர்லோடுல போயிருக்கேன், எனக்கே தெரியாம.

அது மட்டும் இல்ல. ஹூக்கு பின் சக்கரத்துக்கும் பின்னாடி தள்ளி நிக்குது. என் வண்டில ரெண்டு ஆக்ஸிலுக்கு நடுவுல 3 மீட்டர், பின் ஆக்ஸில்லேந்து ஹூக்கு 1.2 மீட்டர். ஹூக்குல 200 கிலோ உக்காந்தா பின் ஆக்ஸிலுக்கு 280 போகும், முன்னாடி 80 கிலோ தூக்கிக்கும். பாலத்துல ஸ்டியரிங் லேசானது இதான். பின் ஆக்ஸில மட்டும் மேடைல வெச்சா 1,960 காட்டுச்சு. அவன் "புது டயரு"ன்னு மாட்டி குடுத்த டயர்ல லோடு இண்டெக்ஸ் 100, அப்படின்னா ஒரு டயருக்கு 800 கிலோ, ரெண்டுக்கும் 1,600. காத்து வெடிக்காம வீடு வந்து சேந்தது அம்மன் புண்ணியம்.

எக்ஸ்ட்ரா பட்டை போட்டா தாங்கும்னு சொன்னான் பாருங்க, பட்டை போட்டா பின்னாடி தாழாம நிக்கும், அவ்வளவுதான். ஆக்ஸில், பிரேக், சேஸிஸ், டயர் எதுவும் மாறல, ஆர்சில இருக்குற 2,950-ம் மாறாது. பட்டையோட எடைய வேற லோடுலேந்து கழிக்கணும்.

அந்த அமெரிக்கா வீடியோவ பத்தியும் சொல்லிடுறேன். என் சித்தி பையன் டல்லாஸ்ல இருக்கான், அவன்கிட்ட கேட்டேன். அங்க டிரைவர் கதவ தொறந்தா ஓரத்துலயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்குமாம், ஆளும் சாமானும் சேத்து இவ்ளோதான்னு. 5 டன் இழுக்கும்னு விளம்பரம் பண்ற பிக்கப்ல கூட அந்த ஸ்டிக்கர்ல 700 கிலோ சுமார்தான் போட்டிருக்கும். 5 டன்னுக்கு ஹூக்கு எடையே 500-லேந்து 750 வந்துடுது. கம்பெனிக்காரன் அந்த 5 டன் கணக்க போடறப்ப டிரைவரும் பக்கத்துல ஒருத்தரும், ஆளுக்கு 68 கிலோன்னு மட்டும்தான் வெப்பானாம். குடும்பமும் சாமானும் ஏறுனா இழுவை முடியறதுக்கு முன்னாடியே லோடு முடிஞ்சிடும்னு சொன்னான். அந்த வண்டி வேற, எஞ்சின் வேற, ட்ரெய்லருக்கு தனி பிரேக் வேற. அத காட்டி இங்க 1.3 டன் வண்டிய விக்கிறான்.

சரி, திருப்பி கேக்க போனேன். முதல்ல "கொண்டு வா தம்பி பாத்துக்கலாம்"னாரு. கொண்டு போனா "ஓனர் திண்டிவனம் போயிருக்காரு"ன்னு கடை பையன் சொல்றான், ஓனரோட செருப்பு வாசல்லயே கிடக்கு. அப்புறம் போன்ல புடிச்சா "நீ ஓவர்லோடு போட்டா நாங்க இன்னா பண்றது". ஓவர்லோடுன்னு இப்ப தெரியுது, 1,35,000 வாங்கறப்ப தெரியலயா? பில்லு பின்னாடி எழுதி குடுத்தத காட்டுனேன், "அது எஞ்சினுக்கு எழுதுனது"ன்னாரு. அடுத்த நாள் இன்னொருத்தன் பேசறான், 20,000 குடுத்தா வேற ஹூக்கு கெட்டியா அடிச்சு தரேன்னு. விரிசல் விட்ட சேஸிஸ்ல மறுபடி வெல்டு வெக்க என்கிட்டயே காசு! அதுக்கப்புறம் வாட்ஸப்ல ப்ளூ டிக் விழுது, பதில் இல்ல. இப்ப டிபி கூட தெரியல, பிளாக் பண்ணிட்டான். ராயபுரத்துக்காரன்னு சொன்ன வாய் அது.

என்ன பண்ணனும்னு விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், முடியல, சுருக்கமா சொல்றேன். ஆர்சில லேடன், அன்லேடன் ரெண்டயும் பாத்தா மட்டும் பத்தாது, காசு குடுக்குறதுக்கு முன்னாடி வண்டிய காலியா எடை மேடைல ஏத்துங்க, வேணாம்னு சொல்ற யார்டுல வாங்காதீங்க. கம்பெனி மேனுவல்ல ட்ரெய்லர் இழுக்கலாம்னு இருந்தாதான் இழுங்க. ட்ரெய்லருக்கும் தனி ஆர்சி, இன்சூரன்ஸ் வேணும். ஆர்சில இருக்குற விவரத்துக்கு மாறா வண்டிய மாத்துறது மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவுல தப்பு, ஓவர்லோடுக்கு 194-வது பிரிவு, 20,000 ரூபா, கூடுதல் டன்னுக்கு 2,000, சாமான இறக்குற செலவும் நம்மளுது. யார்டுக்காரன் ஒரு ரூபா கட்ட மாட்டான். ஹூக்க சேஸிஸ்ல நேரா வெல்டு வெக்க விடாதீங்க.

நுகர்வோர் உதவி நம்பர் 1915, போன் போட்டு புகார் குடுத்துட்டேன். சொந்த பிழைப்புக்கு வாங்குன வண்டின்னா நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போடலாம், வாங்குன விலை 5 லட்சத்துக்குள்ளன்னா கோர்ட் ஃபீஸ் கூட கிடையாது. வடசென்னை ஆணையத்துக்கு எடை மேடை சீட்டு, விரிசல் போட்டோ, பில்லு எல்லாம் ஜெராக்ஸ் எடுத்துகினு போறேன். 1,35,000 வாங்காம விடறதா இல்ல. உங்களுக்கும் எவனாவது பில்லு பின்னாடி பேனால "கேரண்டி"ன்னு எழுதி குடுத்திருந்தா அந்த மை அழியறதுக்குள்ள இன்னைக்கே போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.