மேட்லேப் வாங்க வேண்டுமா, சைகிட்-லேர்ன் போதுமா? பேரிங் அதிர்வுத் தரவில் ஓர் ஒப்பீடு

மோட்டார் பம்ப் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்திற்காக, பேரிங் பழுதாகப் போவதை அதன் அதிர்விலிருந்தே கண்டறியும் கருவி ஒன்றை உருவாக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அதற்கான இயந்திரக் கற்றல் வேலையைக் கட்டண மென்பொருளான மேட்லேப்பில் செய்வதா, இலவசமாகக் கிடைக்கும் பைத்தானிலும் அதன் சைகிட்-லேர்ன் நிரலகத்திலும் செய்வதா என்பதே முதல் கேள்வி. வசதிப் பட்டியல்களை அடுக்கி ஒப்பிட்டால் எதுவும் தெளியாது என்பதால், ஒரே வேலையை இரண்டிலும் முதலிலிருந்து கடைசிவரை செய்து பார்த்தேன்.

சோதனைக்கு எடுத்துக்கொண்டது, அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரிலுள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் பொதுவில் வைத்திருக்கும் பேரிங் தரவு. 2 குதிரைத்திறன் மோட்டார் ஒன்றின் பேரிங்குகளில் 0.007 அங்குலம், 0.014 அங்குலம் என்று அளவாகக் குழி போட்டு, நொடிக்கு 12,000 அல்லது 48,000 அளவீடுகள் வீதம் அதிர்வைப் பதிவு செய்திருக்கிறார்கள். இத்துறையில் இதைத் தொடாதவர்கள் குறைவு. கோப்புகளே மேட்லேப்பின் மேட் வடிவத்தில்தான் இருக்கின்றன என்றாலும், பைத்தானின் சைபை நிரலகம் அவற்றை ஒரே வரியில் திறந்துவிடுகிறது.

மேட்லேப்பின் பலம் சிக்னலைக் கையாளும் இடத்தில் தெரிகிறது. சுமையில்லாமல் நிமிடத்திற்கு 1,797 சுற்று ஓடும் அந்த மோட்டாரில், 6205 வகை பேரிங்கின் வெளிவளையத்தில் குழி இருந்தால் நொடிக்கு ஏறத்தாழ 107 தட்டுகள் விழும். மூல அதிர்வின் அலைவெண் வரைபடத்தில் அது எளிதில் தென்படாது. அதிர்வின் மேலுறையை, அதாவது அலைகளின் உச்சிகளைத் தொட்டுச் செல்லும் கோட்டை எடுத்து, அதன் அலைவெண்களைப் பார்த்தால்தான் 107-இலும் அதன் மடங்குகளிலும் கூர்முனைகள் எழுந்து நிற்கும். மேட்லேப்பின் சிக்னல் பிராசசிங் டூல்பாக்ஸில் (டூல்பாக்ஸ் என்பது தனியாக வாங்கிச் சேர்க்கும் கூடுதல் தொகுப்பு) இதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. கொடுத்த மாத்திரத்தில் அச்சுகளுக்குப் பெயரும் அலகும் போட்ட வரைபடம் வந்துவிடுகிறது. சைபையில் வடிகட்டி, ஹில்பர்ட் மாற்றம், பூரியே மாற்றம் என்று ஐந்தாறு வரிகளை நாமே கோக்க வேண்டும். முதல் முறை நான் சராசரியைக் கழிக்க மறந்துவிட்டேன். பூஜ்ய அலைவெண்ணில் ஒரே ஒரு பெரிய கோபுரம் எழுந்து, மற்றவற்றையெல்லாம் தரையோடு தரையாக்கிவிட்டது. காரணம் பிடிபட அரை நாள் ஆனது. மேட்லேப்பின் உதவிப் பக்கங்களோ, கட்டளையோடு அதன் கணக்கையும் சேர்த்தே சொல்லித் தருகின்றன. கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு அந்தப் பக்கங்களுக்கே தகும் என்பது என் எண்ணம்.

அதிர்வைப் பார்த்து பேரிங் நல்லதா பழுதா என்று வகைப்படுத்தும் வேலைக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. மேட்லேப்பின் கிளாசிஃபிகேஷன் லேர்னர் செயலியில், நிரல் எழுதத் தெரியாதவரும் அட்டவணையை ஏற்றிப் பத்துப் பதினைந்து மாடல்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டு, துல்லியத்தின்படி வரிசைப்படுத்திப் பார்க்கலாம். ஆனால் அதைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. ஒரே பதிவிலிருந்து 2,048 அளவீடுகள் கொண்ட துண்டுகளாக வெட்டி (மோட்டார் ஐந்து சுற்று சுற்றும் நேரம்தான் அது), எல்லாவற்றையும் கலந்து ஐந்து பங்காகப் பிரித்து, நான்கில் பயிற்சியும் ஒன்றில் தேர்வும் வைத்தால், பயிற்சியில் பார்த்த பேரிங்கையே தேர்விலும் பார்க்கிறது மாடல். நூற்றுக்கு நூறை நெருங்கும் மதிப்பெண் வராமல் இருந்தால்தான் வியப்பு. இந்தப் பொறி இரண்டு மென்பொருளிலும் உண்டு. சைகிட்-லேர்னிலும் தரவைப் பிரிக்கும் வழக்கமான கட்டளை கலைத்துப் போட்டே பிரிக்கிறது. எனினும், அங்கே குழுவாகப் பிரிக்கும் குரூப்-கே-ஃபோல்டு என்ற ஏற்பாடு இருப்பதால், ஒரு பேரிங்கின் துண்டுகள் அனைத்தையும் ஒரே பக்கத்தில் வைக்க ஒரு வரி போதும். சுமைவாரியாகப் பிரிப்பதும் போதாது, ஏனெனில் ஒரே பேரிங்கைத்தான் நான்கு சுமைகளிலும் ஓட்டியிருக்கிறார்கள். குழியின் அளவுவாரியாகப் பிரித்து ஓட்டியபோது துல்லியம் கண்கூடாகச் சரிந்தது. அந்தச் சரிந்த எண்ணைத்தான் நிறுவனத்திடம் சொன்னேன்.

இனி விலை. மேட்லேப்பின் அடிப்படை உரிமத்திற்கு ஒரு விலை, ஒவ்வொரு டூல்பாக்ஸுக்கும் தனித்தனி விலை. எங்கள் வேலைக்கு அடிப்படையோடு சிக்னல் டூல்பாக்ஸ், புள்ளியியல் மற்றும் இயந்திரக் கற்றல் டூல்பாக்ஸ், சி மொழியில் நிரலை உருவாக்கித் தரும் கோடர் என்று நான்கு வரிகள் விலைப்பட்டியலில் ஏறின. மாணவர் உரிமத்திலோ வீட்டு உரிமத்திலோ வணிக வேலை செய்ய இயலாது. கல்லூரியின் தயவில் பழகியவர்களுக்கு இது வேலைக்குச் சேர்ந்த பின்புதான் உறைக்கிறது. நான் அறிந்த ஒரு கல்லூரி ஆய்வகத்தில் அலுவலகம் உரிமத்தைப் புதுப்பிக்கத் தவறியதால், செயல்திட்டத்தை ஒப்படைக்க இரண்டு நாள் இருக்கும்போது மாணவர்கள் தங்கள் கோப்புகளை ஓட்ட முடியாமல் நின்றார்கள். கட்டளைகள் பெரிதும் ஒத்துப்போகும் இலவச மென்பொருளான ஆக்டேவ் உண்டு. 2011-இல் ஆண்ட்ரூ இங் இணையத்தில் நடத்திய புகழ்பெற்ற இயந்திரக் கற்றல் வகுப்பின் பயிற்சிகளை அதிலேயே செய்ய முடிந்தது. ஆனால் கிளாசிஃபிகேஷன் லேர்னர் போன்ற செயலிகளை அதில் எதிர்பார்க்க முடியாது.

சைகிட்-லேர்ன் 2007-இல் கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தில் தொடங்கி, பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தினரின் முயற்சியால் 2010-இல் பொதுவெளிக்கு வந்தது. அதன் பிஎஸ்டி உரிமத்தின்கீழ், விற்பனைக்குச் செல்லும் பொருளில் சேர்த்தாலும் கட்டணம் இல்லை. ஆயினும் இலவசம் என்பதால் செலவே இல்லை என்று கணக்குப் போட்டுவிட வேண்டாம். 2024 ஜூனில் பைத்தானின் அடிப்படை எண்கணக்கு நிரலகமான நம்பையின் 2.0 பதிப்பு வெளிவந்தபோது, பழைய பதிப்புக்காகத் தொகுக்கப்பட்டிருந்த பல நிரலகங்கள் அதனுடன் ஓட மறுத்தன. சைகிட்-லேர்னின் ஒரு பதிப்பில் சேமித்த மாடல் வேறொரு பதிப்பில் சரியாகத் திறக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. ஆகவே பதிப்பு எண்களைக் கோப்பில் எழுதிப் பூட்டி வைப்பவர் ஒருவர் குழுவில் இருந்தே ஆக வேண்டும், அவருக்குச் சம்பளமும் உண்டு. பைத்தானை எதன் வழியாக நிறுவுகிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். பைத்தானையும் நிரலகங்களையும் ஒன்றாகத் தொகுத்துத் தரும் அனகோண்டா 2020-இல் தன் விதிகளை மாற்றி, 200 பேருக்கு மேல் பணிபுரியும் வணிக நிறுவனங்களிடம் கட்டணம் கேட்கத் தொடங்கியது; அதற்கு மாற்றான இலவச நிறுவியான மினிஃபோர்ஜ் வழியாக நிறுவினால் அந்தச் சிக்கல் இல்லை.

கடைசிக் கட்டம், மாடலைக் கருவியில் இருக்கும் சிறு கணினிச் சில்லான மைக்ரோகன்ட்ரோலருக்குள் இறக்குவது. மேட்லேப் கோடர் இதைச் சுத்தமாகச் செய்கிறது. வந்த சி நிரலைப் படித்து எந்த வரி எங்கிருந்து வந்தது என்று பின்தொடரவும் முடிகிறது. மறுபக்கம், சைகிட்-லேர்னின் ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கட்டிய) மாடல்களை சி நிரலாக மாற்றித் தரும் எம்லேர்ன் என்ற திறமூல நிரலகம் இருக்கிறது. எல்லா வகை மாடல்களையும் அது ஏற்காது. எங்களுக்கு மரங்களே போதுமாக இருந்தன.

ஆகவே நாங்கள் பைத்தானை எடுத்தோம். கட்டுப்பாட்டு அமைப்புகளுக்காக ஏற்கெனவே மேட்லேப்போடு அதன் துணை மென்பொருளான சிமுலிங்க் வைத்திருக்கும் நிறுவனமாக இருந்திருந்தால், கூடுதலாக இரண்டு டூல்பாக்ஸ் வாங்குமாறுதான் சொல்லியிருப்பேன். சிக்னல் பக்கத்துக்கு எழுதிய ஐந்தாறு வரிகளை, மேட்லேப்பின் 30 நாள் சோதனை உரிமம் முடிவதற்குள் அதன் விடைகளோடு ஒப்பிட்டு, 107-இல் இரண்டு கூர்முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதைப் பார்த்த பிறகே கருவியில் ஏற்றினோம்.