தோட்டத்து நெருப்பில் சமையல்: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

ஒரு இரும்பு நெருப்புக் கிண்ணம், மேலே வைக்க கிரில், ஒரு வார்ப்பிரும்புச் சட்டி, நீளமான இடுக்கி. என் வெளிச்சமையல் சாமான் மொத்தமும் இவ்வளவுதான். குளிர்காய்வதற்கென்று வாங்கிய கிண்ணம் இப்போது பெரும்பாலும் அடுப்பாகத்தான் இருக்கிறது.

அவசரப் பசிக்கு இது உதவாது. விறகைப் பற்றவைத்ததிலிருந்து சட்டி வைக்கிற பக்குவம் வர முக்கால் மணி நேரமாவது ஆகிறது. கொழுந்துவிட்டு எரியும்போதே இறைச்சியைப் போட்டால் மேலே கருகும், உள்ளே பச்சையாகவே கிடக்கும். சுடர் அடங்கி, தணல் மேல் நீறு பூத்த பிறகுதான் சூடு ஒரு சீராக நிற்கிறது. அப்போது கிரில்லுக்கு 10 செ.மீ. மேலே உள்ளங்கையை நீட்டிப் பார்ப்பேன். 2, 3 வினாடிகூடத் தாங்கவில்லை என்றால் இறைச்சியைச் சுள்ளென்று வாட்டலாம். 5, 6 வினாடி தாங்கினால் மிதமான சூடு. தணல் முழுவதையும் ஒரு பக்கமாக ஒதுக்கிவைப்பதும் உண்டு. கொழுப்பு சொட்டி தீ எழும்பினால் மறுபக்கம் நகர்த்திவிடலாம். கோழி வெந்ததா என்பதை மட்டும் நிறத்தை வைத்து முடிவு செய்வதில்லை. தெர்மாமீட்டரைக் குத்தி, உள்ளே 74 டிகிரி செல்சியஸ் காட்டினால்தான் எடுப்பேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, சட்டியே தேவைப்படாத வெங்காயம். தோலோடு முழுசாகத் தணல் ஓரத்தில் புதைத்துவிட வேண்டியதுதான். வெளித்தோல் கரிக்கட்டையாகி, அடிப்பக்கம் சாறு நுரைத்துக் கசியும்போது இடுக்கியால் அமுக்கிப் பார்ப்பேன்; மெத்தென்று அமுங்கினால் எடுத்துவிடலாம். கருகின இரண்டு மூன்று அடுக்கை உரித்தால் உள்ளே கண்ணாடி மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். காரம் போய் இனிப்பு மட்டும் நிற்கும். உப்பு போதும், வேறு எதுவும் வேண்டாம்.

விறகு விஷயத்தில் நான் கறார். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈர விறகு புகையும், சாப்பாட்டில் கசப்பு ஏறும். பிசின் மரம் கரியை அப்பும். பெயின்ட் அடித்தது, ஒட்டுப்பலகை, மருந்தேற்றிய மரம் எதுவும் கிண்ணத்துக்குள் போகாது; பழைய வேலிக் கட்டைகளில் ஆர்சனிக் சேர்ந்த மருந்துகூட இருக்கலாம்.

இனி குறைகள். கிண்ணத்தோடு வந்த கிரில் மெலிசு, சட்டியின் கனத்துக்கே தொய்ந்துவிட்டது. தடித்த துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வாங்கி மாட்டினேன். துத்தநாகம் பூசியது மலிவாகக் கிடைக்கும்தான், ஆனால் கடும் தணல் சூட்டில் அந்தப் பூச்சு புகையாகக் கிளம்பலாம் என்பதால் தவிர்த்தேன். கிண்ணத்தின் கறுப்புப் பெயின்ட் சீக்கிரமே உரிந்தது. அடியில் சாம்பலும் மழைத்தண்ணீரும் சேர்ந்து ஊறினால் துரு வேகமாக அரிக்கிறது. அதனால் சாம்பலைத் தேங்கவிடாமல் மூடி போட்ட இரும்பு வாளியில் அள்ளிவிடுவேன். (மறுநாளும் உள்ளே கங்கு உயிரோடு இருக்கும், பிளாஸ்டிக் வாளி பக்கமே போகாதீர்கள்.) சட்டியின் வெளிப்பக்கத்தில் முன்கூட்டியே சோப்பைத் தடவிவிட்டால் கரி கழுவுவது பாதி வேலையாகிவிடுகிறது.

மறுபடி வாங்குவதாக இருந்தால் 3 மி.மீ. தகட்டுக்குக் குறையாத, அடியில் வடிதுளை உள்ள கிண்ணமாகப் பார்ப்பேன். கிரில்லின் உயரத்தை ஏற்றி இறக்கவும் வசதி வேண்டும். இப்போது அதற்குச் செங்கல்லைத்தான் அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.