பாதியில புட்டுக்கிட்ட டிப்ளாய்மென்ட்: கிளவுட்ஃபார்மேஷனா, டெர்ராஃபார்மா?

சர்வர், டேட்டாபேஸ் மாதிரி கிளவுட் சமாச்சாரங்களை ஃபைல்ல எழுதிக் கொடுத்தா தானா உருவாக்குற டூல்கள்தான் கிளவுட்ஃபார்மேஷனும் (அமேசான் கிளவுடோடது) டெர்ராஃபார்மும். எல்லாம் நல்லா ஓடுறப்ப ரெண்டும் ஒண்ணுதான், நடுவுல ஃபெயில் ஆகும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

கிளவுட்ஃபார்மேஷனை சும்மா விட்டா, ஒரு ரிசோர்ஸ் (உருவாக்கச் சொன்னதுல ஒண்ணு) ஃபெயில் ஆனதும் மொத்தத்தையும் ரோல்பேக் பண்ணிடும், அதாவது பழைய நிலைக்கே கொண்டு போயிடும். ஒருதடவை ஐஏஎம் ரோல்ல (யாருக்கு என்ன அனுமதின்னு சொல்றது) நான் விட்ட ஒத்த எழுத்துப்பிழையால, கால் மணி நேரம் காத்திருந்து எழும்பி நின்ன டேட்டாபேஸும் சேர்ந்து போச்சு. முதல் க்ரியேட்லயே இப்படி ஆச்சுன்னா ஸ்டாக் (ஒண்ணா உருவாக்குற ரிசோர்ஸ் கூட்டம்) 'ரோல்பேக் கம்ப்ளீட்'னு நிக்கும், அப்டேட் பண்ண முடியாது, டெலீட் பண்ணிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். 2021-ல, உருவானதை வச்சுக்கிட்டு ஃபெயில் ஆன இடத்துலேர்ந்து ரீட்ரை பண்ற ஆப்ஷன் வந்துச்சு, டெவ்ல (நாம சோதிச்சுப் பாக்குற இடம்) அதை ஆன் பண்ணாம இருக்கிறவங்களைப் பாத்தா பாவமா இருக்கு.

எரர் தேடுறப்ப கிளவுட்ஃபார்மேஷனோட ஈவென்ட்ஸ் லிஸ்ட்ல (என்னென்ன நடந்துச்சுங்கிற பட்டியல்) மேல இருக்கிற சிவப்பு வரியை நம்பாதீங்க. 'ரிசோர்ஸ் க்ரியேஷன் கேன்சல்ட்'னு வர்றதெல்லாம் பக்கத்துல நின்னு அடி வாங்கினதுங்க, கீழ போய் டைம்படி முதல்ல ஃபெயில் ஆனது எதுன்னு பாருங்க, அதான் ஆளு.

டெர்ராஃபார்ம் ரோல்பேக்கே பண்ணாது. உருவானதை ஸ்டேட்ல (எதெல்லாம் உருவாச்சுன்னு அது வச்சிருக்கிற கணக்கு) எழுதிட்டு நின்னுடும், சரி பண்ணி மறுபடி அப்ளை கமாண்ட் போட்டா மிச்சத்தை மட்டும் செய்யும், அரைகுறையா உருவானதை டெய்ன்ட்னு (கெட்டுப்போச்சுன்னு) குறிச்சு வச்சு அடுத்த ரன்ல இடிச்சுட்டு புதுசா கட்டும். டீபக் லாக் (விவரமான பதிவு) ஆன் பண்ணா ஏபிஐ கால், அதாவது கிளவுடுக்கு அனுப்பின கோரிக்கை, வரைக்கும் கொட்டும் (பாஸ்வேர்டும் சேர்ந்து கொட்டலாம், சாட்ல ஒட்டுறதுக்கு முன்னாடி ஒருதடவை பாத்துக்குங்க). தலைவலி என்னன்னா ப்ராசஸ் நடுவுல செத்தா ஸ்டேட் லாக் (ஒரே நேரத்துல ரெண்டு பேர் ஸ்டேட்டை மாத்தாம இருக்கப் போடுற பூட்டு) திறக்காம மாட்டிக்கும், வேற யாரும் ரன் பண்ணலைன்னு கேட்டுட்டு அப்புறம் ஃபோர்ஸ் அன்லாக் போடுங்க.

டெவ்வுக்கு என் ஓட்டு டெர்ராஃபார்முக்குதான். ப்ரொடக்‌ஷன்ல, அதாவது நிஜ யூசர்கள் இருக்கிற இடத்துல, ராத்திரி ரெண்டு மணிக்கு, தானா பழைய நிலைக்குப் போற கிளவுட்ஃபார்மேஷன் மேல கொஞ்சம் பாசம் வரும்.