ஆடும் பின், நழுவும் பின்: ஒட்டுவதா, பெருப்பிப்பதா, புஷ் போடுவதா?

இஞ்சின் பாகங்களைக் கோர்த்துப் பிடிக்கும் ஒரு உலோகப் பின் ஓட்டைக்குள் ஆடுகிறது. இன்னொரு பின் ஆடாமலே மெல்ல மெல்ல வெளியே நழுவி வருகிறது. கரையில் இரண்டையும் ‘பின் லூஸ்’ என்றுதான் சொல்கிறோம். ஆனால் வைத்தியம் வேறு வேறு. ஆடுகிற பின்னுக்குத் தேய்மானத்தைச் சரிக்கட்ட வேண்டும். நழுவுகிற பின்னுக்கு அதன் நுனியைப் பிடித்திருக்கும் கிளிப்பைச் சரிசெய்தால் போதும். நழுவுகிறதற்குப் பசை ஊற்றியும், ஆடுகிறதற்கு இன்னொரு ஸ்பிளிட் பின் (இரண்டு கால்களையும் மடக்கிவிடும் கம்பிப் பின்) குத்தியும் கெட்டுப்போன அவுட்போர்ட் இஞ்சின்களும் லாண்ட்மாஸ்டர் என்னும் இருசக்கர உழவு இயந்திரங்களும் திருகோணமலைப் பக்கம் குச்சவெளி தொடக்கம் மூதூர் வரை நிறைய.

எந்த வழி என்று முடிவெடுக்க முன் அளக்க வேண்டும். இஞ்சினின் சரிவை வைக்கிற குறுக்குப் பின்னை உதாரணமாக எடுப்போம். கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். பின்னின் நடுவில் தேயாத பகுதி ஒன்று இருக்கும். அங்கே வேர்னியர் அளவுகோல் 8.00 மி.மீ. காட்டினால் அதுதான் பழைய அளவு. பிராக்கெட்டில் உரசிய இடத்தில் நகத்தால் தடவினால் ஒரு படி தட்டுப்படும், அங்கே 7.92 காட்டலாம். பிறகு ஓட்டை. மேல் கீழாக ஒரு அளவு, முன் பின்னாக ஒரு அளவு. மேல் கீழ் 8.05, முன் பின் 8.30 என்றால் ஓட்டை முட்டை வடிவமாகிவிட்டது. அலுமினிய பிராக்கெட்டில் பெரும்பாலும் இப்படித்தான்: ஸ்டெயின்லெஸ் பின் மினுமினுப்பாக இருக்கும், ஓட்டைதான் தின்னப்பட்டிருக்கும். புதுப் பின் வாங்கிப் போட்டும் ஆட்டம் போகாததற்குக் காரணம் இதுதான். லாண்ட்மாஸ்டரில் இரும்புக்குள் இரும்பு என்பதால் இரண்டும் சேர்ந்து தேயும்.

வடக்குக் கரையில் இது கெதியாக நடக்கிறதற்கு மண்ணும் ஒரு காரணம். புல்மோட்டை மணலில் இல்மனைட், ரூட்டைல், சேர்க்கோன் எல்லாம் உண்டு. சேர்க்கோன் சாதாரண வெள்ளை மணலைவிடக் கடினமானது. வள்ளத்தைக் கரைக்கு இழுத்து, இஞ்சினைத் தூக்கிவிடும்போது இந்த மண் கிறீசோடு கலந்து அரைக்கும் பசையாகிறது. உள்துறைமுகத்தில் தண்ணீரிலேயே கட்டி நிற்கும் போட்டுகளுக்கு உப்பரிப்பு அதிகம், மண் தேய்மானம் குறைவு.

இனி வழிகளை எடுப்போம். எல்லோரும் முதலில் கையில் எடுப்பது சுத்தியலும் பஞ்ச் உளியும்: ஓட்டையின் விளிம்பைச் சுற்றி மூன்று நான்கு இடத்தில் பொட்டுக் குத்தி உலோகத்தை உள்ளே தள்ளுவது. காசு செலவில்லை, கடலில் நின்றபடியே செய்யலாம். ஆனால் பின்னைப் பிடிப்பது அந்த நான்கு பொட்டின் முனை மட்டுமே. உள்ளே ஓட்டை முழுக்க வெற்றிடமாகத்தான் இருக்கும். அலுமினியத்தில் அந்த முனைகள் சில நாளில் நசுங்கிவிடும், அடுத்த முறை குத்த இடமும் இருக்காது. நகராத, பாரம் ஏறாத சின்னப் பின் வெளியே வராமலிருக்க மட்டும் இது சரி. காபரேட்டர் மிதவையின் பின் அப்படிப்பட்டது. அதைத் தாங்கும் இரண்டு கால்களில் ஒன்றை மூக்குக் குறடால் மயிரளவு அமத்தினால் பின் நிற்கும். கூட அமத்தினால் கால் உடையும், காபரேட்டரையே மாற்ற வேண்டி வரும்.

அடுத்தது பசை. கடையில் ‘லொக்டைட்’ என்று மட்டும் கேட்டால் நட்டுக்குப் போடும் நீல நிற 243ஐத் தந்துவிடுவார்கள். அது புரிக்கு. பின்னுக்கும் புஷ்ஷுக்கும் (ஓட்டைக்குள் அடிக்கும் உறைக் குழாய்) வேண்டியது பச்சை நிற 638, விட்டத்தில் 0.25 மி.மீ. வரையான இடைவெளியை நிரப்பும். அதற்கு மேல் 0.5 வரை 660, இது களிம்பு மாதிரி இருக்கும். இந்தப் பசைகள் காற்றில் காய்வதில்லை. காற்று இல்லாத இடத்தில், உலோகம் தொட்டால்தான் இறுகும். போத்தலை நிரப்பாமல் பாதி காலியாக விற்பதும் அதனால்தான். வெளியே வழிந்தது ஈரமாகவே இருப்பதைப் பார்த்துப் ‘பசை பிடிக்கவில்லை’ என்று கழற்றிப் பார்ப்பவர்கள் நல்ல வேலையைக் கெடுக்கிறார்கள். வழிந்ததைத் துடைத்துவிட்டு 24 மணிநேரம் தொடாமல் விடுங்கள்.

இங்கே பசை தோற்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, உப்பும் எண்ணெயும். பெற்றோலால் துடைத்தால் எண்ணெய்ப் படலம் மிஞ்சும். நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்கக் காயவைத்து, அசிட்டோனால் இரண்டு முறை துடைக்க வேண்டும். நகப்பூச்சு அகற்றும் திரவம் வேண்டாம், அதில் எண்ணெய் கலந்திருக்கும். இரண்டு, உலோகம். சாதாரண இரும்பிலும் பித்தளையிலும் பசை சட்டென்று இறுகும். ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் சோம்பல் உலோகங்கள். அவுட்போர்ட்டில் இருப்பதோ இந்த இரண்டும்தான்! அதற்கென விற்கும் ஆக்டிவேட்டரை முதலில் தெளித்து, காய்ந்த பிறகே பசை போட வேண்டும்.

பசையின் பெரிய குறை, பிறகு கழற்றுவது. ஏறக்குறைய 250 பாகை வரை சூடாக்கி, சூட்டோடு இழுக்க வேண்டும். பக்கத்தில் றப்பர் புஷ்ஷோ ஓயில் சீலோ இருந்தால் அது கருகும். ஆகவே மறுபடி கழற்றத் தேவையில்லாத, சுழலாத பின்னுக்கு மட்டும் பசை. சுழல வேண்டிய மூட்டில் போட்டால் மூட்டே இறுகிப் போய், பாரம் வேறொரு இடத்தை உடைக்கும். சுப்பர் குளூ இதற்கு மாற்றில்லை: அதிர்வில் நொறுங்கும், ஈரத்தில் இளகும்.

ஸ்பிரிங் தகட்டைக் குழாயாகச் சுருட்டிய ரோல் பின்னைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது: விரிந்து கொடுக்கும், அதனால் தேய்ந்த ஓட்டையை அதுவே நிரப்பிவிடும் என்று. 5 மி.மீ. ரோல் பின்னை வெளியே அளந்தால் 5.4 முதல் 5.6 வரை இருக்கும். 5 மி.மீ. ஓட்டைக்குள் நசுங்கிப் போய்த்தான் அது பிடிக்கிறது. ஓட்டை 5.3 ஆகிவிட்டால் அந்த அழுத்தத்தில் பெரும்பகுதி போய்விடும். முட்டை வடிவ ஓட்டையில் ஒடுங்கிய பக்கத்தை மட்டும் தொடும், அகன்ற பக்கத்தில் ஆட்டம் தொடரும். ஓட்டை வட்டமாக இருந்து, பழைய பின் மட்டும் சோர்ந்து போயிருந்தால் ரோல் பின் அருமையான தெரிவு. பாரம் கூடுதலான இடத்தில் 5க்குள் 3, 8க்குள் 5 என்று ஒன்றுக்குள் ஒன்று செருகலாம். அடிக்கும்போது சரிவு வெட்டிய நுனியை முன்னே வைத்து, நடுவில் குமிழுள்ள பஞ்ச் உளியால் அடியுங்கள். தட்டைப் பஞ்ச் வாயை மடக்கிவிடும். கழற்றியதைத் திரும்பப் பாவிக்க வேண்டாம். கடலுக்குக் கறுத்த ஸ்பிரிங் இரும்பு உதவாது: உள்ளே உப்புத் தண்ணீர் தங்கிக் கறள் பிடித்து, ஒரு நாள் சத்தமில்லாமல் இரண்டாகும். ஸ்டெயின்லெஸ் ரோல் பின் கேட்டு வாங்குங்கள்.

ஓட்டை வட்டம் கெட்டுவிட்டால் மீதமிருப்பது இரண்டு நேர்மையான வழிகள்: ஓட்டையைப் பெருப்பித்துப் பெரிய பின் போடுவது, அல்லது புஷ் அடிப்பது.

பெருப்பிப்பது மலிவு. 8ஐ 9 ஆக்க 8.8 ட்ரில், மிச்சம் 0.2ஐ 9 மி.மீ. ரீமர் (ஓட்டையைச் சீவி அளவாக்கும் கருவி) எடுக்கும். கைட்ரில்லால் செய்யாதீர்கள், ட்ரில் தேய்ந்த பக்கத்துக்கே ஓடும், கோணலான ஓட்டைதான் மிஞ்சும். மேசை ட்ரில்லில் இறுக்கிப் பிடித்து, பிராக்கெட்டின் இரண்டு காதுகளையும் சேர்த்துக் கட்டி, ஒரே நீள ரீமரை இரண்டுக்குள்ளும் ஒரே ஓட்டத்தில் விட வேண்டும். தனித்தனியாக விட்டால் பின் ஒரு காதில் இறுகி மறு காதில் ஆடும். பின்னை 316 ஸ்டெயின்லெஸ் கம்பியில் லேத்தில் கடையலாம். 304 உப்பில் பழுப்புப் புள்ளி விடும். இரண்டையும் காந்தத்தால் பிரித்தறிய முடியாது, ஆனால் போல்ட் தலையில் ஏ2 என்றிருந்தால் 304 இனம், ஏ4 என்றிருந்தால் 316 இனம். ஏ4 போல்ட்டின் புரியில்லாத பகுதியை வெட்டிப் பின்னாக்குவதும் உண்டு. ஆனால் 8 மி.மீ. போல்ட்டின் உடல் 7.8 ஆகவும் இருக்கலாம், வாங்கும்போதே வேர்னியரை வைத்துப் பாருங்கள். இந்த வழியை ஒரு முறைதான் எடுக்கலாம். இரண்டாம் முறை ஓட்டையைச் சுற்றி உலோகம் போதாது.

புஷ் விலை கூட, லேத் பட்டறை தேவை. ஆனால் அடுத்த முறை தேய்வது புஷ் மட்டுமே, பிராக்கெட் அல்ல. 8 மி.மீ. பின்னுக்கு ஓட்டையை 11 ஆகக் கடைந்து, 1.5 மி.மீ. சுவருள்ள புஷ். எந்தப் பொருள் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வெண்கலப் புஷ் லாண்ட்மாஸ்டரின் இரும்புக்கு மிக நன்று. அதையே அவுட்போர்ட் அலுமினியத்தில் அடித்தால், கடல் தண்ணீரில் வெண்கலம் பக்கத்து அலுமினியத்தை அரிக்க வைக்கும். வெள்ளைப் பொடி கக்கி, புஷ்ஷே கழன்று வரும். அலுமினியத்துக்கு அசிட்டால் பிளாஸ்டிக் புஷ். நைலோன் தண்ணீர் குடித்து வீங்கிப் பின்னைக் கவ்விவிடும். கொட்டியாரக் குடாவில் தினமும் ஓடும் 40 குதிரைவலு இஞ்சினுக்கு, செலவைப் பாராமல் புஷ்தான் சரியான தெரிவு. மாரியில் இரண்டு மாதம் மட்டும் வயலுக்குப் போகும் லாண்ட்மாஸ்டருக்குப் பெரிய பின் போதும்.

வெல்டிங் அடித்துப் பின்னை ஒட்டுவது வழியே அல்ல. அலுமினிய வார்ப்பு வெடிக்கும். இரும்பிலோ அடுத்த பழுதுக்கு முழு மூட்டையும் வெட்ட வேண்டி வரும்.

நழுவும் பின்னுக்கு வருவோம். விசிறி (புரொப்பெல்லர்) நட்டின் ஸ்பிளிட் பின் ஒரு தரம் மடக்கி நிமிர்த்தினால் முடிந்தது, ஒவ்வொரு முறையும் புதிது, ஸ்டெயின்லெஸ். செப்புக் கம்பியை முறுக்கி விடுவது கரை வந்து சேர மட்டும். லாண்ட்மாஸ்டர் இழுவைப் பின்னுக்கு ஆர் வடிவ கிளிப் சேற்றிலும் வைக்கோலிலும் மாட்டிக் கழன்றுவிடும். தம்பலகாமம், கந்தளாய் வயல் வேலைக்கு வளையம் மடங்கிப் பூட்டும் லிஞ்ச் பின்னே மேல். கியர் நெம்புகோல் மூட்டுகளில் உள்ள ஈ வடிவ கிளிப் தளர்ந்தால், பின்னின் வரிப்பள்ளம் உருண்டுவிட்டதா என்று முதலில் பாருங்கள். பள்ளம் போயிருந்தால் எத்தனை புதுக் கிளிப் போட்டும் பயனில்லை.

இரண்டு பின்களில் மேலே சொன்ன எதையும் செய்யக்கூடாது. சின்ன இஞ்சின்களில் விசிறிக்குள் இருக்கும் ஷியர் பின் கல்லில் அடிபட்டால் உடைவதற்கென்றே மென்மையாகச் செய்யப்பட்டது. அதற்குப் பதில் இரும்பு ஆணி போட்டால் அடுத்த கல்லில் கியர் பல் போகும். கியர்ப் பெட்டிக்குள் கிளட்சின் குறுக்குப் பின்னைச் சுற்றிப் பிடித்திருப்பது மெல்லிய ஸ்பிரிங் வளையம். அது தளர்ந்திருந்தால் வளையத்தையும் பின்னையும் சேர்த்து அசலாக மாற்றுங்கள். அங்கே பின் ஒரு பக்கம் நழுவினால் சுழலும் கியரில் உரசி, பெட்டி முழுக்க இரும்புத் தூளாகும்.

வேலை முடிந்ததும் பின்னின் தலையிலிருந்து பிராக்கெட் வரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து விடுங்கள். முதல் கடல் பயணம் முடிந்து கரையேறியதும் அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு முறிந்திருந்தால் பின் திரும்பியிருக்கிறது. கோட்டின் நடுவே இடைவெளி விழுந்திருந்தால் வெளியே நகர்ந்திருக்கிறது.