துரஹள்ளியா, அவலஹள்ளியா: நகரச் சைக்கிளோட்டிக்கு முதல் காட்டுத்தடம் எது?

பெங்களூரில் நாள்தோறும் சைக்கிளில் வேலைக்குச் சென்று வருபவர், தார்ச்சாலையை விட்டு மண்ணில் எங்கே இறங்கிப் பார்க்கலாம் என்று கேட்டால், மூன்று பெயர்கள் காதில் விழும்: தெற்கே கனகபுரா சாலையை ஒட்டிய துரஹள்ளி, வடக்கே எலஹங்காவைத் தாண்டிய அவலஹள்ளி, வடமேற்கே ஹெசரகட்டா. நந்தி மலையையும் சிலர் சேர்த்துச் சொல்வார்கள். 1,478 மீட்டர் உயரமுள்ள அந்த மலைக்கு ஏறுவது தார்ச்சாலையில்தான் என்பதால், அது கால்வலிமையைச் சோதிக்குமே ஒழிய மவுண்டன் பைக் ஓட்டும் முறையைக் கற்றுத்தராது.

துரஹள்ளியின் தரை பெரும்பாலும் கருங்கல். பாறையேறுவோர் நெடுங்காலமாகப் பயிற்சி செய்துவரும் இடமான அதில், தடங்கள் பாறைத் தளங்களின் மீதும் அவற்றின் இடுக்குகளிலும் ஏறி இறங்குகின்றன. பாறை ஒரு சாண் உயரத்துக்குப் படிபோல முடிந்து, அதன் கீழே சரளை சிதறிக் கிடக்கும் இடத்தை எண்ணிப் பாருங்கள். முன்சக்கரம் கீழே இறங்கும் அந்த நொடியில் முன்பிரேக்கை இறுகப் பிடித்தால் பின்சக்கரம் மேலெழும்பி ஓட்டுபவரை முன்னால் தள்ளும். பிடிக்காமல் விட்டாலோ வேகம் கூடிச் சரளையில் சக்கரம் வழுக்கும். சீட்டைத் தாழ்த்தி, பெடல்கள் இரண்டையும் ஒரே மட்டத்தில் நிறுத்தி அவற்றின்மேல் எழுந்து நின்று, முழங்கைகளை மடக்கி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, பிரேக்கைப் படிக்கு முன்பே பிடித்து முடித்துவிட வேண்டும். சிக்னலுக்குச் சிக்னல் சீட்டில் அமர்ந்தபடியே பிரேக் பிடித்துப் பழகிய உடலுக்கு இவை அனைத்தும் ஒரே நேரத்தில் வந்துவிடுவதில்லை. அங்கே அதற்கான விலையை முழங்காலும் மணிக்கட்டும் கருங்கல்லில் கொடுக்க நேரும்.

அவலஹள்ளியில் செம்மண்ணும் தைல மரங்களும். குறுகிய ஒற்றையடித் தடங்கள் மெல்ல ஏறி மெல்ல இறங்குவதால், மேலே சொன்ன நிலைப்பாட்டைத் திரும்பத் திரும்பப் பழகிக்கொள்ள இடமும் நேரமும் கிடைக்கின்றன. உதிர்ந்த தைல இலைகள் வேர்களை மூடிக் கிடக்கும். ஆகவே பார்வையை முன்சக்கரத்தின் மேல் வைக்காமல் நாலைந்து மீட்டர் தொலைவில் பதிக்கும் பழக்கம் தானாகவே வந்துவிடும். விழுந்தாலும் பெரும்பாலும் மண்ணில்தான் விழுவோம். என் தேர்வு தயக்கமின்றி இதுவே: முதலில் அவலஹள்ளி, பிறகுதான் துரஹள்ளி.

ஹெசரகட்டாவை இவற்றோடு போட்டியிட வைப்பது பொருந்தாது. 1894-இல் அர்க்காவதி ஆற்றின் குறுக்கே அமைத்த ஏரியும் அதை அடுத்த புல்வெளியும் கண்ணுக்கு விருந்து என்பதில் ஐயமில்லை. மண்சாலையில், தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான ஹைப்ரிட் சைக்கிளே போதும். ஆனால் தரையில் கூடு கட்டும் பறவைகள் வாழும் புல்வெளி அது. பாதையை விட்டுப் புல்லுக்குள் சைக்கிளை இறக்குவது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.

வண்டியைப் பொறுத்தவரை, அலுவலகத்துக்கு ஓட்டும் ஹைப்ரிட்டையே காட்டுக்குக் கொண்டுபோகலாமா என்பது அடுத்த கேள்வி. 35 முதல் 40 மில்லிமீட்டர் அகல டயரில் 50 பி.எஸ்.ஐ.க்கு (காற்றழுத்த அளவு) மேல் காற்றடைத்தால் அது ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். காற்றைக் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கிக் கிழியும். 2.2 அங்குல அகல டயரோ 25 பி.எஸ்.ஐ. அளவிலேயே கல்லைக் கவ்விக்கொண்டு உருளும். முன்னால் மட்டும் 100 மில்லிமீட்டர் அமுங்கி அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் கொண்ட ஹார்ட்டெயில் வகை வண்டி இரண்டு காடுகளுக்கும் போதுமானது. பின்னாலும் சஸ்பென்ஷன் உள்ள வண்டிக்குத் தொடக்கத்திலேயே பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. முதல் சில வாரங்களுக்கு வாடகைக்கோ இரவலுக்கோ எடுப்பதே நல்லது. முள் அதிகம் என்பதால் சீலன்ட் (துளையைத் தானே அடைக்கும் திரவம்) ஊற்றிய, ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ் டயர் கிடைத்தால் அதையே கேளுங்கள்.

போய்ச் சேரும் வழியில் துரஹள்ளிக்குச் சாதகம் இருப்பதுபோலத் தோன்றும். மெட்ரோவின் பச்சை வழித்தடம் அதற்கு அருகில் செல்கிறது. ஆனால் மெட்ரோவில் மடக்கு சைக்கிளை மட்டுமே ஏற்றலாம் என்பதால் அந்த அருகாமை நமக்குப் பயன்படாது. நகரின் நடுப்பகுதியிலுள்ள அல்சூரிலிருந்து இரண்டு காடுகளும் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. அகல டயரைத் தாரில் அவ்வளவு தூரம் உருட்டிச் சென்றால் காட்டு வாயிலிலேயே கால் சோர்ந்துவிடும். காரின் பின்னால் ஸ்டாண்டு மாட்டி எடுத்துச் செல்வதே சரி.

இரண்டுமே வனத்துறையின் பொறுப்பில் உள்ள காடுகள். விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. துரஹள்ளியில் சைக்கிளுக்கு அனுமதி மறுக்கப்பட்ட காலமும் உண்டு. வாயிற்காவலரிடம் கேட்காமல் வேலி இடைவெளி வழியே நுழைவது, அடுத்து வருபவருக்கும் சேர்த்துக் கதவை அடைக்கும் செயல். துரஹள்ளிக் காட்டில் சிறுத்தை நடமாட்டமும் தென்பட்டிருப்பதால், நன்றாக வெளிச்சம் வந்த பிறகே உள்ளே செல்லலாம்.

ஜூன் முதல் அக்டோபர் வரை மழை பெய்த மறுநாள் இரண்டையுமே தவிர்க்கலாம்: செம்மண் டயரில் அப்பிச் சக்கரத்தை நிறுத்திவிடும், பாறையில் பாசி வழுக்கும். அக்டோபர் மழை ஓய்ந்ததும் அவலஹள்ளியில் தொடங்குபவர், பாறை நன்கு காய்ந்திருக்கும் பிப்ரவரியில், தடம் தெரிந்த ஒருவருடன் துரஹள்ளிக்குப் போகலாம். அப்போதும் பெரிய படிகளில் முதலில் இறங்கி நடந்து பார்த்துவிட்டு ஓட்டுவது நல்லது.