வெண்காரத்துக்கு நம்பிப் போகலாம், பாஸ்பேட்டை மட்டும் பார்த்து வாங்குங்கள்

தர்மபுரிப் பக்கம் பிளஸ் டூ கெமிஸ்ட்ரி பாடம் நடத்துகிறவர்களுக்காக எழுதுகிறேன். பஸ் ஸ்டாண்டில் இருந்து நடக்கிற தூரத்தில் நகைப் பட்டறைச் சாமானும் லேப் கெமிக்கலும் சேர்த்து விற்கிற கடை ஒன்று இருக்கிறது. வெண்காரம், அதாவது போராக்ஸ், வாங்க அங்கேயே போகலாம். ஆசாரிமார் பற்றவைப்புக்குத் தொடர்ந்து வாங்குவதால் சரக்கு தேங்குவதில்லை. பழைய வெண்காரம் என்றால் நீர் இழந்து மேலே வெள்ளை மாவு பூத்திருக்கும், இங்கே கட்டிகள் பளிச்சென்று இருக்கின்றன.

தரம் பார்க்க மணிச் சோதனையே போதும். பழுக்கக் காய்ந்த கம்பி வளையத்தில் தொட்டு எடுத்துச் சுடரில் பிடித்தால், உள்ளே இருக்கும் 10 மூலக்கூறு நீரும் வெளியேறப் பொங்கிப் பொரிந்து, அப்புறம் அடங்கி, 740 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகித் தெளிந்த கண்ணாடி மணியாகிறது. இரும்பு கலந்திருந்தால் சூட்டில் மஞ்சள் அடிக்கும். இது நிறமே இல்லாமல் வந்தது, எனக்கு அவ்வளவு சந்தோஷம்! கோபால்ட் உப்பு துளி தொட்டதும் ஆழ்ந்த நீலம், தாமிரத்துக்குச் சூட்டில் பச்சை, ஆறியதும் நீலம். உலோக ஆக்சைடைக் கரைத்துக்கொள்ளும் இந்தக் குணத்துக்காகத்தான் ஆசாரிகளும் இதைப் பூசிப் பற்றவைக்கிறார்கள்.

அது ஏன் உப்புக்கல்லாகத் திரும்பாமல் கண்ணாடியாகிறது என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். போரான் மூன்று ஆக்சிஜனோடு முக்கோணமாகப் பிணையும், சோடியம் சேர்ந்திருப்பதால் சில போரான்கள் நான்கோடு பிணைந்து வலையை இன்னும் இறுக்கும், உருகிய குழம்பு அவ்வளவு பிசுபிசுப்பாக இருப்பதால் அணுக்கள் வரிசைக்கு வருவதற்குள் அப்படியே உறைந்துவிடுகிறது. தனி போரான் ஆக்சைடு இதில் பெரிய பிடிவாதக்காரன், 450 டிகிரியில் உருகும், சாதாரண அழுத்தத்தில் எவ்வளவு மெதுவாக ஆறவிட்டாலும் படிகம் கட்டுவதே அரிது.

சோடியம் ஹெக்சா மெட்டா பாஸ்பேட்தான் எனக்குக் குறை. அந்தப் பொருளே ஒரு கண்ணாடி என்பது பலருக்குத் தெரியாது. 1833-இல் தாமஸ் கிரஹாம் விவரித்த உப்பு இது. உருகிய மெட்டா பாஸ்பேட்டைச் சட்டென்று குளிரவைத்தால் நீள நீளச் சங்கிலிகளாகக் கண்ணாடி கிடைக்கும், மெதுவாக ஆறவிட்டால் மூன்று பாஸ்பேட் வளையமாகச் சேர்ந்து படிகமாகிவிடும். நமக்கு வேண்டியது கண்ணாடிச் சில்லுதான், கடின நீரில் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொள்வது அந்தச் சங்கிலிதான். ஆனால் இது ஈரத்தை இழுக்கும். கடையில் மூட்டையைத் திறந்தே வைத்து அள்ளிப் போடுகிறார்கள், எனக்குக் கிடைத்தது பாதி கட்டிதட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. புதுப் பாக்கெட் கேளுங்கள், முகம் சுளிக்காமல் தருகிறார்கள். கரைசலை அன்றன்றைக்குத் தயாரிப்பது நல்லது, நாளானால் நீரிலேயே சங்கிலி அறுந்துபோகும். இன்னொன்று, நம்ம ஊர் போர் தண்ணீரின் புளோரைடு இதனால் போகாது, அதை நினைத்து யாரும் வாங்க வேண்டாம். குடிக்க ஒகேனக்கல் குடிநீரே பிடியுங்கள்.

வெண்காரத்துக்கு ஐந்துக்கு ஐந்து, பாஸ்பேட்டுக்கு மூன்று. மணிச் சோதனைக்கே பயன்படும் இன்னொரு பாஸ்பேட்டான மைக்ரோகாஸ்மிக் உப்பு (சோடியம் அம்மோனியம் ஹைட்ரஜன் பாஸ்பேட்) கையிருப்பில் இல்லை, முன்பணம் கொடுத்தால் வரவழைத்துத் தருகிறார்கள். அதையும் வாங்கி வையுங்கள், அந்த பாஸ்பேட் மணியில் மணல் கரையாமல் உள்ளேயே மிதப்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கலாம்.