ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டதா? உள்ளே இருப்பதை மீட்க மென்பொருளா, டேட்டா மீட்டுத் தரும் லேபா?

முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சில சமயம் அதோடு வேலை முடிந்துவிடும். முடியவில்லையா, சரி.

செலவு: டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள்கள் இரண்டும் இலவசம். லேபில் பல ஆயிரம் ரூபாய் ஆகலாம்.

நேரம்: மென்பொருளுக்கு ஒரு ராத்திரி, லேபுக்கு நாள்கணக்கு.

ஆபத்து: இதுதான் முக்கியம். கணினி டிஸ்க்கைக் கண்டுகொண்டு "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு மென்பொருளை ஓட்டலாம். மீட்பதை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள். போட்டோரெக் பெரும்பாலும் பழைய கோப்புப் பெயர்களைத் தராது. படங்களுக்கு மறுபடி பெயர் சூட்டு விழாதான். 'டிக் டிக்' சத்தம் வந்தாலோ, டிஸ்க் கீழே விழுந்திருந்தாலோ உடனே கழற்றுங்கள். ஓடவிட்டால், டேட்டாவைப் படிக்கும் ஹெட், டேட்டா பதிந்திருக்கும் தட்டை உள்ளே கீறிவிடலாம். அப்புறம் லேபாலும் முடியாது.

மறுபடி டவுன்லோட் செய்யக்கூடிய சினிமாவுக்கு மென்பொருள் போதும். வேறு பிரதியே இல்லாத கல்யாணப் படங்கள், அதுவும் சத்தம் போடும் டிஸ்க்கில் என்றால், நேராக லேப்.